பூனையின் லிட்டர் ட்ரேக்கு லைனர் விரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவிலிருந்து மீட்கப்படும் குட்டிகளைச் சென்னை வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், குட்டி போய்ச் சேர்ந்த சில வாரங்களில் அந்த வீட்டிலிருந்து தொலைபேசி வருவது வழக்கம். உணவைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் கேட்டு முடித்தபின், பேச்சு தவறாமல் மலம் கழிக்கும் ட்ரேயில் வந்து நிற்கும். கழுவி மாளவில்லை, லிட்டர் (ட்ரேயில் நிரப்பும் மண் அல்லது தூள்) வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, பை விரித்தால் சுலபம் என்கிறார்களே, உண்மையா என்று கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

லைனர் என்றால் என்ன? அது இல்லாமல் சமாளிக்க முடியாதா?

ட்ரேயின் அடியிலும் பக்கங்களிலும் படியுமாறு விரித்து, அதன்மேல் லிட்டரைக் கொட்டுவதற்கான உறைதான் லைனர். மாற்றும் நாளில் உறையின் ஓரங்களைச் சேர்த்து முடிந்தால், உள்ளிருப்பது அனைத்தும் ஒரே மூட்டையாக வெளியே வந்துவிடும். அடியில் ஒட்டிய ஈரக் களிமண்ணைச் சுரண்டும் வேலை இருக்காது.

அது கட்டாயமான பொருள் அன்று. நல்ல ட்ரேயும், ஓட்டைக் கரண்டியும், நாள்தோறும் ஐந்து நிமிடமும் இருந்தால் லைனரே இல்லாமல் பூனையின் ஆயுள் முழுவதையும் ஓட்டிவிடலாம். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள வீடுகளுக்கும், ட்ரேயைக் கழுவக் குளியலறையைத் தவிர வேறு இடமில்லாதவர்களுக்கும், முதுகுவலியோ கைவலியோ உள்ளவர்களுக்கும் அது பெரிய உதவி.

லைனர் போட்டுவிட்டால் தினமும் அள்ள வேண்டாம் அல்லவா?

அள்ளத்தான் வேண்டும். லைனர் ட்ரேயைக் காலி செய்வதைச் சுலபமாக்குகிறது. சுத்தமாக வைத்திருப்பதை அன்று. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான் இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகள் பிறக்கின்றன. மலத்தையும் சிறுநீர்க் கட்டிகளையும் நாளொன்றுக்கு ஒருமுறையாவது, முடிந்தால் காலையும் மாலையும், அள்ளிவிட வேண்டும். பூனை முந்தாநாள் மலத்தின்மேல் மீண்டும் கால் வைக்க விரும்பாது. கீழே விலை உயர்ந்த உறை இருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

எந்த லிட்டருக்கு லைனர் பொருந்தும்? எல்லாவற்றுக்கும் ஒன்றுதானா?

ஒன்றன்று. லைனர் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான், ஆனால் பெரும்பாலோர் வாங்கிய பிறகே கேட்கிறார்கள். லிட்டர்களைக் கட்டியாகும் வகை, கட்டியாகாத வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர் உறிஞ்சும் களிமண்ணைப் பூனை வளர்ப்பவர்களுக்கென்று விற்கத் தொடங்கும்வரை, அங்கும் சாம்பலும் மணலும் மரத்தூளும்தான் புழக்கத்தில் இருந்தன. அவர் விற்ற மண் ஈரத்தை உறிஞ்சியது, ஆனால் கட்டியாகவில்லை. இன்று நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் பென்டோனைட், குஜராத்தின் கட்ச் போன்ற பகுதிகளில் வெட்டியெடுக்கப்படும் களிமண். ஈரம் பட்டதும் உப்பி இறுகிக் கட்டியாகிவிடும். சோயா சக்கையில் செய்யும் டோஃபு லிட்டரும் பெரும்பாலும் கட்டியாகும் வகையே.

கட்டியாகும் லிட்டரில், சிறுநீர் பட்ட பகுதியை மட்டும் அள்ளிவிட்டு மிச்சத்தை வாரக்கணக்கில் வைத்திருக்கலாம் என்பதால், ட்ரேயை முழுவதும் காலி செய்வதே அபூர்வம். அங்கே லைனரின் பயன் குறைவு. தொல்லையோ கூடுதல், ஏனெனில் தினமும் அள்ளும் கரண்டியின் முனை உறையில் மாட்டிக் கிழிக்கும், உறையின் மடிப்புக்குள் சிறுநீர் ஓடி அங்கேயே கட்டியாகி ஒட்டிக்கொள்ளும்.

கட்டியாகாத வகைகளான மரத்தூள், இழைப்புச் சுருள், நறுக்கிய நாளிதழ், தென்னை நார்த்தூள் ஆகியவற்றை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை முழுவதுமாகக் கொட்டிவிட வேண்டியிருக்கும். லைனர் தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். மணல் இரண்டிலும் சேராத தனி ரகம். அது எதையும் உறிஞ்சாது. சிறுநீர் அடிவரை இறங்கி உறையின்மேல் குட்டையாகத் தேங்கும். மணலைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் உறைக்கும் மணலுக்கும் நடுவில் நாளிதழைக் கனமாகப் பரப்புங்கள். கட்டட வேலைக்கான எம்-சாண்ட் வேண்டாம். அது கல்லை உடைத்துச் செய்வது, துகள் கூரானது, தூசியும் அதிகம்.

மரத்தூள் வாங்குவோருக்கு ஒரு சொல்: பிளைவுட் அறுக்கும் பட்டறையின் தூளில் பசையும் கலந்திருக்கும். வெறும் மரம் இழைக்கும் தச்சுப் பட்டறையில் கேட்டு, தூசியைச் சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

உண்மையிலேயே செலவு குறையுமா? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், 5 கிலோ பென்டோனைட் 300 ரூபாய், ஒரு குப்பைப் பை 10 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 16 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள ட்ரேயில் 5 கிலோ கொட்டினால் ஏறத்தாழ இரண்டு அங்குல உயரத்துக்கு நிற்கும். லைனர் இருக்கிறதே என்று வாரந்தோறும் முழுவதையும் மூட்டை கட்டி எறிந்தால், மாதத்துக்கு 20 கிலோ, அதாவது 1200 ரூபாய்; பைக்கு 40 ரூபாய். அதே ட்ரேயில் நாள்தோறும் கட்டிகளை மட்டும் அள்ளி, குறைந்ததை நிரப்பி, மாதம் ஒருமுறை முழுவதும் மாற்றினால், நிரப்புவதற்கு இன்னொரு 5 கிலோ ஆகும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் செலவு 600 ரூபாயைத் தாண்டாது. பையின் விலை இந்தக் கணக்கில் ஒரு மூலையில்தான் இருக்கிறது. செலவைத் தீர்மானிப்பது நல்ல லிட்டர் எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்பதே. லைனர் வாங்கிய பின் செலவு கூடிவிட்டது என்பவர்களிடம் விசாரித்தால், காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

மரத்தூளில் கணக்குத் தலைகீழ். தூள் மலிவு, இரண்டு நாளுக்கு ஒரு பை என்றால் மாதம் 15 பைகள், 150 ரூபாய். அங்கே பைதான் பெரிய செலவாகிறது. ஆகவே மரத்தூளுக்கும் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, நான்கைந்து தாள் கனத்தில் பழைய நாளிதழை விரித்து, அதையே சுருட்டி எடுப்பது மேல்.

பூனைக்கென்று விற்கும் லைனர் விலை அதிகமாக இருக்கிறது. சாதாரணக் குப்பைப் பை போதுமா? எந்த அளவு வாங்குவது?

போதும். கறுப்புக் குப்பைப் பைக்கும் கடை லைனருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தடிமனும், வாயைச் சுருக்கும் கயிறும்தான். அந்தக் கயிறே ஆபத்து என்பதைக் குட்டிகளைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அளவுதான் பலரையும் ஏமாற்றுகிறது. பை மடிந்த நிலையில் உள்ள அகலம், ட்ரேயின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி வரும் எண்ணைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால்தான் பையின் வாய் ட்ரேயின் விளிம்பைச் சுற்றி வரும். 16-க்கு 12 ட்ரே என்றால் கூட்டுத்தொகை 28. கடைகளில் கிடைக்கும் 30-க்கு 37 அங்குலப் பை கச்சிதமாகப் பிடிக்கும். பெரியது என்று எழுதியிருக்கும் 24-க்கு 32 அங்குலப் பை அதற்குப் பற்றாது. 20-க்கு 15 ட்ரேக்குக் கூட்டுத்தொகை 35 என்பதால் 30 அங்குலப் பையும் ஏறாது.

அப்படிப்பட்ட பெரிய ட்ரேக்குப் பையைப் பையாகவே மாட்ட முயல வேண்டாம். 24-க்கு 32 பையின் ஒரு பக்கத்தையும் அடியையும் கத்தரித்து விரித்தால் 48-க்கு 32 அங்குலத் தாள் கிடைக்கும். 6 அங்குல ஆழமுள்ள 20-க்கு 15 ட்ரேக்கு, இரு பக்கச் சுவர்களுக்கும் வெளியே மடிப்பதற்கும் சேர்த்து 36-க்கு 31 அங்குலம் போதும் என்பதால் இது தாராளம். ட்ரேக்குப் பதிலாக வட்டமான பிளாஸ்டிக் டப் வைத்திருப்பவர்கள் விட்டத்தை 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 15 அங்குல டப்புக்கு 24 அங்குலப் பை இழுத்துப் பிடித்தாற்போல் வந்துவிடும். மூலைகள் இல்லாததால் மடிப்பும் குறைவு. உறை விரிப்பதாக இருந்தால் விலை உயர்ந்த ட்ரேயைவிட இந்த டப்பே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. ஆனால் பூனை உள்ளே நின்று சுற்றித் திரும்ப இடம் வேண்டும். அதன் உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு என்பது பொதுவான கணக்கு.

கடைப் பை, அரிசிப் பை, பழைய ஃபிளெக்ஸ் என்று வீட்டில் சும்மா கிடப்பதை விரிக்கக் கூடாதா?

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகள், தடிமன் எதுவானாலும், 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், அந்த மெல்லிய பைகளின் அடித் தையலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், சிறுநீர் கசியும்.

25 கிலோ அரிசிப் பையில் இரண்டு விதம் உண்டு. உட்புறம் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது தண்ணீரைத் தாங்கும். வெறும் நெசவாக இருப்பது தாங்காது. இரண்டுமே நகத்துக்கு எளிதில் கிழிவதில்லை என்பது நல்ல செய்தி. கத்தரித்த ஓரத்திலிருந்து இழை இழையாகப் பிரியும் என்பது கெட்ட செய்தி, ஏனெனில் பூனை அந்த இழையை விழுங்கக்கூடும். ஓரத்தை உள்மடித்துத் தைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஃபிளெக்ஸ் துண்டு எறிவதற்கான உறை அன்று. கழுவி மீண்டும் போடுவதற்கானது. ஆனாலும் மரத்தூள் பயன்படுத்துவோருக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ட்ரேயின் அளவுக்கு வெட்டிய ஃபிளெக்ஸை நிரந்தரமாக அடியில் போட்டு, அதன்மேல் நாளிதழ், அதன்மேல் மரத்தூள் என்று வைத்தால், எறிவது காகிதமும் தூளும் மட்டுமே. அச்சு வாடை போகச் சோப்பு நீரில் கழுவி, சில நாட்கள் வெயிலில் காயவைத்துவிட்டுப் பயன்படுத்தவும்.

விரித்த அரை நாளில் ஓரம் உள்ளே சரிந்துவிடுகிறது. எப்படித்தான் விரிப்பது?

ட்ரே துளியும் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். அடியில் ஓர் நாளிதழை நான்காக மடித்து வையுங்கள். உறை கசிந்தாலும் இது பிடித்துக்கொள்ளும். பையை உள்ளே இறக்கி, புறங்கையால் மூலைகளில் அழுத்தி, அடியில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். காற்று சிக்கினால் பூனை கால் வைக்கும்போது உறை எழும்பும், சத்தம் போடும், நகமும் அங்கேதான் மாட்டும். பிறகு லிட்டரை நடுவில் குவித்துக் கொட்டி, கையால் ஓரங்களுக்குத் தள்ளினால், அந்தப் பாரத்திலேயே உறை மூலைகளில் படிந்துவிடும். விளிம்புக்கு வெளியே இரண்டு மூன்று அங்குலம் மடிந்து தொங்க வேண்டும்.

மடிப்பைப் பிடித்துவைக்கச் சைக்கிள் கடையில் பழைய ட்யூப் ஒன்று கேளுங்கள். குறுக்கே வெட்டினால் வரும் சின்ன வளையம் இதற்கு உதவாது. ட்யூபை நீளவாக்கில் இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, ட்ரேயின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவான நீளத்தில் இரு முனைகளையும் முடிச்சிட்டு, விளிம்புக்குக் கீழே இழுத்து மாட்டுங்கள். துணிக் கிளிப்பும் பிடிக்கும்தான், ஆனால் பூனை உரசும்போது தெறித்துவிடும்.

எடுக்கும்போது பையின் வாயை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டாம். ஈரமேறிய பென்டோனைட்டின் எடையில் அடி பிய்ந்துகொண்டு, எல்லாம் தரையில் கொட்டும். ட்ரேயைச் சாய்த்து, மூட்டையின் அடியில் ஒரு கையைக் கொடுத்து, நேராக இன்னொரு பைக்குள் இறக்குங்கள்.

என் பூனை நகத்தால் பையை நார்நாராகக் கிழித்துவிடுகிறது. இதற்கு வழி உண்டா?

தோண்டி மூடுவது பூனையின் இயல்பு. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. நகம் உறையைத் தொடாதபடி செய்யலாம். லிட்டரின் உயரத்தை மூன்று அங்குலமாக்குங்கள். நகத்தின் கூர்முனையை மட்டும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெட்டிவிடுங்கள். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியில் கத்தரி படக் கூடாது. கிழிசல் பெரும்பாலும் ட்ரேயின் அடிப்பரப்பில் நிகழ்வதில்லை. பூனை தோண்டி முடித்து ட்ரேயின் பக்கச் சுவரைச் சுரண்டும் இடத்தில்தான் நிகழ்கிறது. எந்தப் பக்கம் என்று ஒருநாள் நின்று பார்த்து, அந்தப் பக்கத்தில் மட்டும், மேலே சொன்னபடி ஓரம் தைத்த அரிசிப் பைத் துண்டை உறையின்மேல் படியுமாறு வைத்து ட்யூபுக்குள் செருகிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கிழித்தால், அந்தப் பூனைக்கு லைனர் ஒத்துவராது. அடியில் நாளிதழை மட்டும் வைத்துக்கொண்டு விட்டுவிடலாம். கிழிந்த உறை, உறையே இல்லாததைவிட மோசம். சிறுநீர் கிழிசல் வழியே இறங்கி, ட்ரேக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில், காற்றே படாத இடத்தில் தங்கிவிடும்.

துளை போட்ட சல்லடை லைனர் என்று ஒன்று வருகிறதே, அது எப்படி?

துளையுள்ள பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் துளையில்லாத ஒரு தாளோடு விற்கிறார்கள். மேல் தாளைத் தூக்கினால் சுத்தமான லிட்டர் துளைகள் வழியே அடுத்த தாளில் விழ, கட்டிகளும் மலமும் கையோடு வந்துவிடும். யோசனை நல்லது. கரண்டியால் அள்ளக் குனிய முடியாத முதியவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் பொடியான பென்டோனைட்டுக்கு மட்டுமே சரிவரும். டோஃபு, மரக் குச்சி வகைகள் துளையில் இறங்காது. நாளொன்றுக்கு ஒரு தாள் குப்பைக்குப் போவதால் சிக்கனமும் இல்லை.

அப்படியென்றால் சாதாரணப் பைகளையே நான்கைந்தாக அடுக்கி, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் என்ன?

மரத்தூளிலோ காகிதத்திலோ செய்யலாம். ஒவ்வொரு முறையும் விரிக்கும் வேலை மிச்சமாகும். இரண்டு மூன்றுக்கு மேல் போகாதீர்கள். ஒரு நகக்கீறல் எல்லா அடுக்கையும் துளைத்துவிட்டால், அடுத்து எடுக்கும் உறை ஏற்கெனவே நனைந்திருக்கும்.

லைனர் போட்ட பிறகுதான் நாற்றம் அதிகமாகியிருக்கிறது. ஏன்?

பூனையின் சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது வெளிவரும் அமோனியாதான் அந்தக் காட்டமான நெடி. லிட்டர் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொண்டால் பாக்டீரியாக்களுக்கு வேலை குறைவு. உறையின் மடிப்புகளில் சிறுநீர் திரவமாகவே தேங்கினால் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மடிப்பு, அடுத்தது கிழிசல், அதற்கடுத்தது லிட்டரின் உயரம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். காற்றின் ஈரத்தில் லிட்டரே நமத்துப்போவதோடு, உறைக்கும் ட்ரேக்கும் நடுவில் வியர்த்துப் பூஞ்சை வாடை வரும். அந்த மாதங்களில் உறை மாற்றும் ஒவ்வொரு முறையும் ட்ரேயை உலர்ந்த துணியால் துடைத்து, சிறிது நேரம் காற்றாட வைத்துவிட்டு விரியுங்கள். லிட்டருக்கு அடியில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைத் தூவினால் நெடி ஓரளவு மட்டுப்படும். வாசனை சேர்த்த லைனர் மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது. பூனைகள் பலவற்றுக்குப் பிடிப்பதில்லை, எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை என்றால் அறவே பிடிப்பதில்லை.

ட்ரேயை ஃபினாயில் போட்டுக் கழுவலாமா? பக்கத்தில் இரண்டு அந்துருண்டை போட்டு வைக்கலாமா?

இரண்டும் கூடாது. கறுப்பு ஃபினாயிலிலும் டெட்டால் போன்ற கிருமிநாசினிகளிலும் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. பூனை பாதத்தில் ஒட்டியதையெல்லாம் நக்கும் பிராணி என்பதால், ட்ரேயில் மிஞ்சிய துளி அதன் வயிற்றுக்குள்தான் போகும். அந்துருண்டையிலுள்ள நாப்தலீனும் நஞ்சே. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் படிந்த ட்ரேயில் கொட்டினால், அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்னும் நச்சுப்புகை கிளம்பும்; அது கழுவுகிறவரின் நெஞ்சையும் அடைக்கும்.

பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும். உறை கிழியாமல் இருந்தால் மாதம் ஒருமுறை கழுவினாலே தாராளம். லைனரால் கிடைக்கும் பெரிய மிச்சம் இந்தத் தண்ணீர்தான்.

மூட்டையை எந்தத் தொட்டியில் போடுவது? டாய்லெட்டில் கொட்டலாமா? செடிக்கு உரமாகுமா?

டாய்லெட்டில் பென்டோனைட்டைக் கொட்டினால் குழாய்க்குள்ளேயே உப்பி அடைத்துக்கொள்ளும். கரையும் என்று விற்கப்படும் டோஃபுவையும் பூனை மலத்தோடு கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் கர்ப்பிணிகளைப் பற்றிய பதிலில் வருகிறது. அதே காரணத்தால் கீரை, தக்காளி போன்ற உண்ணும் செடிகளுக்கு அது உரமாகவும் கூடாது.

பச்சைத் தொட்டி மட்கும் குப்பைக்கானது. அது உரக்கிடங்குக்குப் போகும். களிமண் மட்காது, மலம் அங்கே கலக்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் பூனை லிட்டருக்கென்று தனிப் பெயர் இருக்கவில்லை என்றாலும், நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தனியாகப் பொதிந்து கொடுக்க வேண்டும் என்று இருந்தது; லிட்டரையும் அந்த முறையிலேயே கொடுப்பது பொருத்தம். லைனர் மூட்டையை நாளிதழில் சுற்றி, மேலே பூனைக் கழிவு என்று பேனாவால் எழுதிவிடுங்கள். தூய்மைப் பணியாளர்கள் குப்பையைக் கையால் பிரிக்கிறார்கள். கனமான கறுப்பு மூட்டையை உள்ளே என்ன இருக்கிறதோ என்று அவர்கள் பிரித்துப் பார்க்கும்படி விடுவது அநியாயம்.

மக்கும் பை வாங்கினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தர எண்ணும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் அச்சிடப்பட்டவையே உண்மையில் மட்கக்கூடியவை. அவையும் முறையான உரக்கிடங்கின் வெப்பத்தில் மட்கும், குப்பைமேட்டில் உடனே மட்கிவிடாது. களிமண்ணோடு மூட்டையாக அங்கே போனால் பலன் சொற்பம். மேலும் சிறுநீர்பட்ட மட்கும் பை சில நாட்களில் பிசுபிசுத்து வலுவிழக்கும் என்பதால், பென்டோனைட்டுக்கு உதவாது. பிளாஸ்டிக்கைக் குறைப்பது நோக்கம் என்றால் மரத்தூளும் நாளிதழும்தான் நேரான வழி.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். பூனையைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். லைனர் போட்டால் பாதுகாப்புதானே?

பூனையைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் லைனரை நம்பியும் இருக்க வேண்டாம். அஞ்சப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி. தொற்றுள்ள பூனையின் மலத்தில் வெளிவரும் அதன் முட்டை போன்ற வடிவம் உடனே தொற்றாது. தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஆகவே நாள்தோறும் அள்ளுவதே காப்பு. லைனர் இருக்கிறதென்று வாரம் முழுவதும் விட்டுவைப்பது, இந்த ஒரு விஷயத்தில் நேர்எதிரான விளைவைத் தரும்.

அள்ளும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். வேறு ஆளில்லை என்றால் கையுறை அணிந்து அள்ளி, பிறகு சோப்பால் கை கழுவுங்கள். வீட்டுக்குள்ளேயே இருந்து வேகவைத்த உணவை மட்டும் உண்ணும் பூனைக்கு இந்தத் தொற்று வர வாய்ப்பு குறைவு. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் இதே ஒட்டுண்ணியைக் கொண்டுவரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

குட்டிக்கு லைனர் போடலாமா? பெரிய பூனை ஒன்றும் பிளாஸ்டிக்கை மெல்லுகிறது.

இரண்டுக்கும் வேண்டாம். விழுங்கிய பிளாஸ்டிக் குடலை அடைக்கும். கயிறோ இழையோ உள்ளே போனால் குடலையே சுருக்கி அறுத்துவிடும், அறுவைச் சிகிச்சை வரை போகும். சுருக்குக் கயிறு உள்ள லைனர்களை வாங்கியிருந்தால், பெரிய பூனைக்கே ஆனாலும், கயிற்றை உருவி எறிந்துவிட்டு விரியுங்கள்.

எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் சின்னக் குட்டிகளுக்குக் கட்டியாகும் பென்டோனைட்டும் ஆகாது. குட்டி ஏறி இறங்கக்கூடிய தாழ்வான தட்டில் நாளிதழும் நறுக்கிய காகிதமும் போதும். கருத்தடை அறுவை முடிந்த பூனைக்கும், தையல் ஆறும்வரை, இதே ஏற்பாடுதான். தூள் காயத்தில் ஒட்டாது.

சிறுநீர் சரியாகப் போகிறதா என்று லைனரில் கண்டுபிடிக்க முடியவில்லை. பரவாயில்லையா?

ஆண் பூனை என்றால் பரவாயில்லை என்று விட முடியாது. கட்டியாகும் லிட்டரில் நாளொன்றுக்கு எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று அள்ளும்போதே தெரிந்துவிடும். உறையின் மடிப்பில் சிறுநீர் ஓடி மறைந்தால் அந்தக் கணக்கு போய்விடுகிறது. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ஓரிரு நாட்களில் உயிரே போகலாம். ட்ரேக்குள் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை என்றால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இல்லாமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஒருமுறை அடைப்பு வந்து பிழைத்த பூனை வீட்டில் இருந்தால், லைனரை விட்டுவிட்டு வெளிர்நிறப் பென்டோனைட்டை வெறும் ட்ரேயில் போடுவதே என் யோசனை.

உறை விரித்த நாளிலிருந்து பூனை ட்ரே பக்கமே வருவதில்லை. என்ன செய்வது?

சரசரக்கும் சத்தமோ, புது பிளாஸ்டிக்கின் வாடையோ, நகம் மாட்டிக்கொண்ட பயமோ காரணமாக இருக்கலாம். உடனே பழைய நிலைக்குத் திருப்புங்கள். சோபாவின் அடியில் ஒருமுறை போய்ப் பழகிவிட்டால் மீட்பது கடினம். பழக்கம் சீரான பிறகு, உறை இல்லாத பழைய ட்ரேயை அங்கேயே விட்டுவிட்டு, உறை விரித்த இரண்டாவது ட்ரேயை வேறிடத்தில் வையுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு ட்ரே கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொது விதி என்பதால், இந்த இரண்டாவது ட்ரே வீணாகாது. பையை முந்தின நாளே பிரித்து வெயிலில் போட்டால் வாடை குறையும். ஒரு வாரத்தில் இரண்டாவது ட்ரேயைச் சீண்டவில்லை என்றால், அதன் முடிவை ஏற்றுக்கொண்டு உறையை எடுத்துவிடுங்கள்.

ட்ரேயில் ஒழுங்காகப் போகிறது. ஆனால் தரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளிலும் இப்போது சிறுநீர் கழிக்கிறது!

கால்படும் பரப்பை வைத்துத்தான் பூனை கழிப்பிடத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. லிட்டர் மெல்லியதாக இருந்து, அதன் பாதம் நாள்தோறும் பிளாஸ்டிக்கிலேயே பட்டுவந்தால், பிளாஸ்டிக் கிடக்கும் இடமெல்லாம் கழிப்பிடம் என்று பழகிவிடக்கூடும். லிட்டரின் உயரத்தைக் கூட்டுங்கள். சில வாரங்களுக்கு உறையை நிறுத்தி வையுங்கள். காய்கறிப் பை, துணிப் பொட்டலம், யோகா விரிப்பு ஆகியவற்றைத் தரையில் விடாதீர்கள். ஏற்கெனவே நனைந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, வாடை அறவே போனதா என்று முகர்ந்து பாருங்கள். வாடை மிஞ்சினால் மீண்டும் அங்கேதான் போகும். இதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, சொட்டுச் சொட்டாகப் பல இடங்களில் கழித்தாலோ அது பழக்கக் கோளாறாக இல்லாமல் சிறுநீர்ப்பை நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி அதை உறுதி செய்துகொண்ட பிறகு லைனரைப் பற்றி யோசிக்கலாம்.